ஹாட் டாக்ல நாய் எங்கே பாஸ்?

செமஸ்டர் லீவ்ல நாலு பேரா கலசப்பாக்கத்துல இருக்கிற ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போயிருந்தோம். பிளான் சிம்பிள். செய்யாத்துல தண்ணி வந்தா குளியல், வரலைன்னா அதே ஆத்துல கிரிக்கெட். (கிரிக்கெட்தான் ஆடினோம்னு தனியா சொல்லணுமா என்ன?)

மதிய சாப்பாட்டை எங்க கேட்டரிங் நண்பன் குத்தகைக்கு எடுத்துக்கிட்டான். திருவண்ணாமலையில வாங்கின சிக்கன் சாசேஜ் பாக்கெட்டை ஐஸ் போட்ட டப்பாவுல குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்திருந்தான். "இன்னிக்கு ஹாட் டாக்!"னு அவன் அறிவிச்சதும், தறியில உக்காந்திருந்த ஃப்ரெண்டோட ஆயா டக்குனு நிமிர்ந்து பார்த்தாங்க.

"என்னாடா அது, ஹாட்டு டாக்கு?"

எங்க கூட்டத்துல ஒரு அதிகப்பிரசங்கி இருக்கானே... "ஹாட்னா சூடு, டாக்னா நாய், ஆயா!"ன்னு மொழிபெயர்த்துட்டான். அவ்ளோதான். "என் அடுப்புல நாய்க்கறியா? எழுந்து போங்கடா எல்லாரும்!"

"ஐயோ ஆயா, இது கோழி!"

"கோழின்னா கோழின்னு பேர் வைக்கறதுதானே? நாய்னு எந்தப் புத்திசாலிடா வெச்சான்?"

நியாயமான கேள்வி. பதில் தேடினா... மாட்டினது யாருன்னு நினைக்கிறீங்க? சாட்சாத் நம்ம இனம்தான். காலேஜ் ஸ்டூடண்ட்ஸ்!

பேரைப் பிடிச்சுக்கிட்ட பசங்க

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுல குடியேறினவங்க, 19-ஆம் நூற்றாண்டுல தெருவுல வண்டி போட்டு சாசேஜ் வித்தாங்க. அரைச்ச கறியை நீளமா உறையில அடைச்சது. உள்ளே என்ன இருக்குன்னு வெளியே தெரியாது. உடனே ஊர் வாய் சும்மா இருக்குமா? "அதுல நாயைத்தான் அரைச்சுப் போடறாங்க"ன்னு கிண்டல் கிளம்பிச்சு.

அந்தக் கிண்டலை யேல் பல்கலைக்கழகப் பசங்க அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. ஹாஸ்டல் பக்கம் ராத்திரியில வர்ற சாசேஜ் வண்டிக்கு 'நாய் வண்டி'ன்னு பட்டப்பேர். 1895-ல அவங்க காலேஜ் பத்திரிகையிலேயே 'ஹாட் டாக்' அச்சுல ஏறிடுச்சு. கலாய்ச்சுக்கிட்டே வரிசையில நின்னு வாங்கித் தின்னிருக்காங்க. மெஸ் சாம்பாரைத் திட்டிக்கிட்டே மூணு கரண்டி ஊத்திக்கிற நம்ம பாலிசிதான்!

(1901-ல நியூயார்க் மைதானத்துல ஒரு கார்ட்டூனிஸ்ட்தான் பேர் வெச்சார்னு ஒரு கதை சுத்தும். நம்பாதீங்க. அந்தக் கார்ட்டூனை இதுவரைக்கும் யாரும் கண்ணால பார்த்ததில்லை.)

பேர்ல ஆயா மட்டும்தான் தடுக்கி விழுந்தாங்கன்னு நினைக்காதீங்க. 2016-ல மலேசியாவுல இஸ்லாமிய வளர்ச்சித் துறையே, 'டாக்'னு பேர் வெச்சுக்கிட்டு ஹலால் சான்றிதழ் கேட்டா குழப்பம் வரும், பேரை மாத்துங்கன்னு சொல்லிச்சு. ஆயா, நீங்க இன்டர்நேஷனல்!

சரி, எப்படிச் செய்யறது?

ஆயா சமாதானம் ஆகறதுக்குள்ள எங்களுக்குள்ளேயே சண்டை வந்துடுச்சு. நாலு பேர், நாலு முறை.

வேகவைக்கிற கட்சி: தண்ணியைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைச்சு, அதுக்கப்புறம் சாசேஜைப் போட்டு மூடி வைக்கணும். தளதளன்னு கொதிக்கும்போது போட்டா, உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லைன்னா உறையைக் கிழிச்சுக்கும். சாறெல்லாம் தண்ணிக்குப் போயிடும், உங்களுக்குச் சக்கைதான்.

தோசைக்கல் கட்சி: சாசேஜ் மேல கத்தியால சாய்வா கோடு கோடா கீறி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மிதமான தீயில உருட்டி உருட்டி எடுக்கணும். கீறின இடமெல்லாம் விரிஞ்சு பொன்னிறமா மொறுமொறுன்னு ஆகும். மசாலாவும் அந்தக் கீறலுக்குள்ள போய் உக்காரும்.

கரி அடுப்பு கட்சி: வாசனைக்கு நூத்துக்கு நூறு. ஆனா கவனிக்கலைன்னா வெளியே கரி, உள்ளே ஜில்.

ஹாஸ்டல் கெட்டில் கட்சி: இது வேணாம் மச்சி. கொழுப்பு உள்ளே ஒட்டிக்கும். அடுத்த ஒரு வாரம் காபியில சிக்கன் வாசனை வரும். வாளியில போடற வாட்டர் ஹீட்டரை வெச்சு ட்ரை பண்றவங்களுக்கு... ஆழ்ந்த அனுதாபங்கள்!

தீர்ப்பு? கூட்டணி ஆட்சி! முதல்ல வெந்நீர்ல அஞ்சாறு நிமிஷம், அப்புறம் தோசைக்கல்லுல ரெண்டு மூணு நிமிஷம். உள்ளே சாறு, வெளியே மொறுமொறு. ஃப்ரோசன் பாக்கெட்டா இருந்தா முன்னாடியே ஃப்ரிட்ஜோட கீழ்த் தட்டுல வெச்சு ஐஸ் விடணும். பாக்கெட்ல போட்டிருக்கிறதையும் ஒரு தடவை படிச்சிடுங்க. பச்சையா வர்ற வகைன்னா இந்த நிமிஷக் கணக்கெல்லாம் பத்தாது.

அடுத்த பிரச்னை, பன். நீள பன் கிடைக்கலை. பேக்கரியில கிடைச்சது நம்ம உருண்டை பன். நீள சாசேஜ், ரவுண்டு பன். லாரியில ஏத்தின தென்னைமரம் மாதிரி ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நின்னுச்சு! கடைசியில ஆயாவே மனசு இரங்கி ரெண்டு தோசை வார்த்துக் கொடுத்தாங்க. தக்காளித் தொக்கு தடவி, பொடிசா நறுக்கின வெங்காயம் தூவி, சாசேஜை வெச்சுச் சுருட்டினோம். சிகாகோக்காரங்க ஹாட் டாக்ல கெட்சப் ஊத்தினாலே கோவிச்சுக்குவாங்களாம். தொக்கைப் பார்த்தா என்ன சொல்வாங்களோ!

சிரிப்பு நின்ன இடம்

சாப்பிடும்போதும் நம்ம அதிகப்பிரசங்கி 'லொள் லொள்'னு குரைச்சுக்கிட்டே இருந்தான். நாங்களும் சிரிச்சோம். அப்போ ஃப்ரெண்டோட அப்பா மெதுவா ஒரு கேள்வி கேட்டார். "எக்மோர் விஷயம் ஞாபகம் இருக்காப்பா?"

2018 நவம்பர் 17. ஜோத்பூர்ல இருந்து ரயில்ல வந்த ரெண்டாயிரம் கிலோவுக்கும் மேலான இறைச்சியை எழும்பூர் ஸ்டேஷன்ல பிடிச்சாங்க. வால் நீளமா இருந்ததால 'நாய்க்கறி'ன்னு பேச்சு கிளம்பி, டி.வி., வாட்ஸ்அப், மீம்ஸ்னு பறந்துச்சு. பிரியாணிக் கடைகள்ல வியாபாரம் படுத்துச்சு. சில நாள்ல சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோட பரிசோதனை முடிவு வந்துச்சு: அது ஆட்டுக்கறி!

மீமை ஃபார்வேர்ட் பண்ணின எத்தனை பேர் அந்த முடிவை ஃபார்வேர்ட் பண்ணினோம்? நான் பண்ணலை.

சாசேஜ் வண்டிக்காரங்களைச் சுத்தி அன்னிக்கு அமெரிக்காவுல கிளம்பின அதே கிண்டல்தான். அங்கே அது ஒரு பேரா மாறி, விற்பனையோட சேர்ந்தே வளர்ந்துச்சு. இங்கே, அண்டா ஏத்தி வெச்சுட்டு ஆளுக்காகக் காத்திருந்த சின்னக் கடைக்காரரோட அன்னன்னிக்கு வருமானத்துல கை வெச்சுச்சு. ஆம்பூர், ஆரணின்னு பிரியாணிக்குப் பேர் போன ஊர்களுக்கு நடுவுல வளர்ற நமக்கு, அந்த அண்டாவுக்குப் பின்னாடி எத்தனை பேர் பொழப்பு இருக்குன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சந்தேகமே படக்கூடாதுன்னு சொல்லலை மக்களே. உள்ளே என்ன இருக்குன்னு கேளுங்க, லேபிளைப் படிங்க. சாசேஜ் மாதிரி பதப்படுத்தின இறைச்சியை தினம் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவிகிதம் கூடும்னு 2015-லயே உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு சொல்லிடுச்சு. அதனால ஹாட் டாக் எப்பவாவது ஒரு நாள்தான். உண்மையான சந்தேகம் இந்த மாதிரி ஒரு பதில்ல போய் முடியும். வதந்தி பதில் வர்ற வரைக்கும் காத்திருக்காது.

கடைசியா ஆயா ஒரு துண்டு வாயில போட்டாங்க. நாலு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்.

"கோழிதான். ஆனா காரம் பத்தலை. அடுத்த தடவை மொளகு போடு கண்ணு."

சர்டிபிகேட் வாங்கியாச்சு!