கஞ்சியும் ஞாயிற்றுக்கிழமையும்

'கஞ்சிக்கு மதம் மாறினவங்கதானே' என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. டீக்கடையில் கேட்கலாம், முற்போக்கான கூட்டம் முடிந்து கலைகிற நேரத்திலும் கேட்கலாம். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெயரே உண்டு (வெள்ளைக்காரர்களே வைத்த பெயர்தான்). இதையே நாகரிகமாகச் சொல்கிறவர்களும் உண்டு: ஆஸ்பத்திரி நடத்தட்டும், பள்ளிக்கூடம் நடத்தட்டும், பிரசங்கம் மட்டும் வேண்டாம். 1930களில் காந்தி திரும்பத் திரும்பச் சொன்னது இது. மிஷன்களை ஆதரித்த அமெரிக்கத் திருச்சபையினரே அமைத்த ஹாக்கிங் குழுவும், தொண்டை மதப் பிரச்சாரத்திலிருந்து பிரித்துவிட வேண்டும் என்று 1932இல் எழுதியது.

வசையும் நாகரிக வாதமும் ஒரே அனுமானத்தில்தான் நிற்கின்றன. தொண்டு சுத்தமானது, போதனை அதில் சேர்ந்த கலப்படம் என்பது அது. இந்தக் கோட்டை யார் எங்கிருந்து பார்த்துக் கிழித்தார்கள் என்று கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்க வசதியான ஓர் இடம் ஒங்கோல். அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதி.

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் 1866இல் ஒங்கோலில் வந்து அமர்ந்தார். அதே ஆண்டு யெர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகர் ஞானஸ்நானம் பெற்றார். தோல் வியாபாரி. ஊர் ஊராகப் போகிறவர், ஏற்கெனவே யோக மரபு சார்ந்த குரு ஒருவரிடம் உபதேசம் பெற்றுத் தானும் சிலருக்குக் குருவாக இருந்தவர். ஆகவே மாதிகர்களிடம் செய்தியைக் கொண்டுபோனது மிஷன் மட்டுமல்ல, தோல் வியாபாரத்தின் பாதைகளும் உறவு வழிகளும்தான். மேல்சாதியாரில் சிலர் முதலில் ஆர்வம் காட்டினார்கள். மாதிகரைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். கிளஃப் மாதிகரைச் சேர்த்துக்கொண்டார், அவர்கள் போய்விட்டார்கள். இதெல்லாம் பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முன்னால் நடந்தது. 'கஞ்சிக்கு' என்கிற கதையாடல் முதலில் அழிப்பது இந்தப் பத்து வருஷத்தைத்தான்.

பிறகு 1876-78 பஞ்சம். அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்குப் போன ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று 1877இல் கூலியைக் குறைத்தார். மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார், பின்னர் கூலி உயர்த்தப்பட்டது. (மதக் கலப்படம் துளியும் இல்லாத 'சுத்தமான' நிவாரணத்துக்கு இது உதாரணம்.) பக்கிங்ஹாம் கால்வாயை அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். இளமையில் சர்வே வேலை பார்த்திருந்த கிளஃப், மூன்றரை மைல் நீளத்தை ஒப்பந்தம் எடுத்தார். அவருடைய போதகர்களே மேற்பார்வை. அவர்களில் பலர் மாதிகர்கள். மண் சுமப்பவனும் மாதிகன், கணக்குப் பார்ப்பவனும் மாதிகன் என்ற ஏற்பாடு அந்த வட்டாரம் அதுவரை காணாத ஒன்று. பகலில் மண்வேலை, ஓய்வு நேரத்தில் வேதக்கதை. தொண்டும் போதனையும் இதைவிட நெருக்கமாகக் கலக்க முடியாது.

ஆனால் கிளஃப் ஒரு காரியம் செய்தார். பஞ்சம் நீடித்த பதினைந்து மாதம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினார். நிவாரணப் பணம் தீர்ந்த பிறகு, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை, ஊருக்குப் போங்கள் என்றார். பணம் கேக்க வரல, உழைச்ச கையைப் பாருங்க, கொப்புளம் இருக்கு, செத்தாலும் கிறிஸ்தவனாச் சாகிறோம் என்ற பொருளில் அவர்கள் பதில் சொன்னதாக கிளஃப் எழுதியிருக்கிறார். 1878 ஜூலை 3ஆம் தேதி வெலும்பில்லி அருகே குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். முந்தின நாளையும் அடுத்த நாளையும் சேர்த்தால் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டும்.

மிஷன் இலக்கியம் இந்த எண்ணைக் கொண்டாடித் தீர்த்தது. பசித்தவர்கள் அறிக்கையில் எண்ணாக மாறி, அந்த எண் அமெரிக்காவில் நன்கொடையாக மாறுகிற பொருளாதாரம் ஒன்று இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மாதிகர் சொன்னதாக நமக்குக் கிடைப்பதுகூட கிளஃப்பின் எழுத்து வழியாகத்தான். அந்தப் பதினைந்து மாத மறுப்பையும் இரண்டு விதமாக வாசிக்கலாம். கையில் தானியம் வைத்திருப்பவன் தன் அதிகாரத்துக்குத் தானே போட்ட கடிவாளம் என்பது ஒன்று. பசித்தவன் சொல்லும் சம்மதம் சம்மதமே அல்ல என்ற சந்தேகம் மற்றொன்று. முதலாவதை ஏற்கலாம். 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் வகுத்த நடத்தை விதிகளும் கொடுப்பவனைத்தான் கட்டுப்படுத்துகின்றன: உதவியை அரசியல், மத நிலைப்பாட்டைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. இரண்டாவது அப்படியல்ல. அது வாங்குகிறவனின் புத்தியைச் சந்தேகிக்கிறது.

இப்போது ஊர்ப் பக்கம் போய்ப் பார்ப்போம். கால்வாய்க் கூலியால் ஊரின் நிலவுடைமையாளருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. செத்துப்போக இருந்த பண்ணையாள் பிழைத்து வந்தான், லாபம்தான். தகராறு வேறிடத்தில் இருந்தது. சேருகிறவர்களுக்கு கிளஃப் மூன்று விதிகள் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டின் இறைச்சி தின்னக் கூடாது, சிலைகளை வணங்கக் கூடாது. பார்க்கப்போனால் மூன்றும் வெறும் மத விதிகள், பச்சையான பிரசங்கம். ஆனால் மாதிகர் வாழ்வில் இவை என்னவாயின? செத்த மாட்டைத் தூக்குவதும் அதன் இறைச்சியும் ஊர் அவர்களுக்கு விதித்த கடமையும் கூலியும். சிலை வணக்கம் இல்லையென்றால் ஊர்த் திருவிழாவில் பறையடிக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றால், ஏழில் ஒரு நாள் என் உடம்பு என்னுடையது என்று அர்த்தம். நாள்கணக்கு பார்க்காத வெட்டிவேலை ஒழுங்கில் இதைவிடப் பெரிய கலகம் என்ன இருக்கிறது? அடியும் வேலை மறுப்பும் தண்ணீர் மறுப்பும் இதற்காகத்தான் வந்தன. கஞ்சி ஊற்றியதற்காக அல்ல.

இறைச்சி விதியில் மிஷனரியின் மேட்டிமைப் பார்வை இருக்கிறது. பறையை விட்டதில் ஓர் இழப்பும் இருக்கிறது, இன்று தலித் இயக்கங்கள் பறையை மீட்டெடுக்கும்போது அது புரிகிறது. ஆனாலும் 'தொண்டு செய், பிரசங்கம் செய்யாதே' என்ற அறிவுரை ஊர் ஒழுங்குக்கு ஏன் இவ்வளவு உவப்பாக இருந்தது என்பது இங்கே விளங்குகிறது. தொண்டு ஆளைப் பிழைக்க வைத்து அதே சேரிக்குத் திருப்பி அனுப்பும். தகராறெல்லாம் அவன் வேறு ஆளாகத் திரும்பி வரும்போதுதான்.

சட்டமும் இதே தடத்தில் நடந்திருக்கிறது. 1967இல் ஒரிசா, 1968இல் மத்தியப் பிரதேசம், பிறகு பல மாநிலங்கள். பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்து 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்ட சட்டத்தை எடுத்துப் பாருங்கள்: மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனை கூடுதல். பாதுகாப்பு என்ற பெயரில், சுலபமாக ஏமாறுகிறவர்களின் பட்டியல் ஒன்று தயாராகிவிட்டது. வசதியுள்ளவன் ஆசிரமம் மாறினால் அது ஆன்மிகத் தேடல், சேரிக்காரன் மாறினால் ஆசைவார்த்தை.

ஆசை காட்டுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிற அரசு, தானே ஒன்றை எதிர்த்திசையில் வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகிற மாதிகர் பட்டியல் சாதியினர் அல்ல. ஆந்திராவில் அவருக்குப் பிற்பட்டோரில் ஒரு பிரிவும் ஒரு சதவீதமும். அதனால்தான் ஒங்கோல் வட்டாரத்திலும் அதற்கு அப்பாலும், சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் போகிறவர்களாகவும் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன.