முப்பத்தொன்றுக்கு முன் பார்க்கவேண்டிய நிறம்

வல்வெட்டித்துறையில் பிள்ளை பிறந்த வீடு முப்பத்தொன்றை எண்ணிக்கொண்டிருக்கும். துடக்குக் கழிய வேண்டும், முடி வழிக்க வேண்டும். அதற்கிடையில் பிள்ளையின் கண் மஞ்சளித்தால், "ஒண்டுமில்லை பிள்ளை, இளவெயிலில பிடி" என்பார் அம்மம்மா. பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். ஆனால் 14 நாள் கடந்தும் செங்கண்மாரி நீடித்தால் வெயிலை நம்பியிருக்கக் கூடாது.

அப்போது துணியைப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலம் அரைத்த மஞ்சள்போல இருக்கும். சில நாள் பச்சையாகவும் போகும். அது சுண்ணாம்பாக வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், ஈரலில் ஊறும் பித்தம் குடலுக்கு வந்து சேரவில்லை. மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான். பம்பஸைச் சுருட்டி எறிகிற அவசரத்தில் இது கண்ணில் படாமல் போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

இப்படிப் பித்தத்தை மறிக்கும் பித்தநாள அடைப்பு அரிது. ஐரோப்பாவில் 15,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது, தாய்வானில் அதைவிடக் கூட. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும். உள்ளே பித்தம் தேங்கி ஈரல் தழும்பேறிக்கொண்டிருக்கும். பித்தமில்லாமல் வைட்டமின் கே உடலில் சேராது. மூளைக்குள் இரத்தம் கசிந்த பிறகே நோய் தெரியவந்த பிள்ளைகளும் உண்டு.

ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு வேறு குறைகளும் சேர்ந்து வரும். ஒரு மண்ணீரல் இருக்கவேண்டிய இடத்தில் பல சிறு மண்ணீரல்கள், அல்லது ஒன்றுமே இல்லை, இரைப்பை வலப்பக்கம், இதயத்தில் கோளாறு. கருவின் ஆரம்ப வாரங்களில் உடல் இடம், வலம் பிரிக்கும்போது நேர்ந்த பிசகு இது. அதனால் இதயத்தையும் ஸ்கான் செய்து பார்ப்பார்கள். தாய் பப்பாப்பழம் தின்றதால் வந்தது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

1955இல் யப்பானின் செண்டாய் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் மொரியோ கசாய் இந்த அடைப்புக்கொரு வழி கண்டார். அவர் பெயராலேயே வழங்கும் அந்தச் சத்திரசிகிச்சையில், தூர்ந்த நாளங்களை வெட்டியெடுத்து, சிறுகுடலின் ஒரு துண்டை ஈரலின் வாசலில் நேராகத் தைக்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பித்தம் ஓட நல்ல வாய்ப்புண்டு. நாள் தள்ளத் தள்ள அது குறையும். அதுவும் கைகொடுக்காவிட்டால் மாற்று ஈரல்தான். 1998 நவம்பரில், இந்த நோயுடன் பிறந்த 20 மாதக் காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு டெல்லி அப்பல்லோவில் தகப்பனின் ஈரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். குழந்தைக்கு வெற்றிகரமாக ஈரல் மாற்றியது இந்தியாவில் அதுவே முதல் தடவை. வளர்ந்து அவரும் வைத்தியரானார்.

பிள்ளையின் மலத்தை ஒப்பிட்டுப் பார்க்க, தாய்வான் 2004 முதல் மல நிற அட்டையை நாடு முழுவதும் தாய்மார் கையில் கொடுக்கிறது. நீங்களும் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அன்றைய துணியையும் காட்டுங்கள். வெளிறியிருந்தால் முப்பத்தொன்று கழியட்டும் என்றிராமல் அன்றைக்கே மந்திகை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் எடுக்கும்போது மஞ்சள் நிறமியான பிலிருபின் மொத்தம் எவ்வளவு என்று மட்டுமல்ல, நேரடி பிலிருபின் எவ்வளவு என்றும் கேளுங்கள்.