புன்னகையும் நம்பிக்கையும்: வட சிலாங்கூர்த் தமிழ்ச் சமுதாயமும் காவல்துறையின் நல்லெண்ண விளம்பரமும்

முன்னுரை

சுங்கை சோ, செரண்டா, பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் முதலிய வட சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றுவோருக்குக் காவல்துறையினரின் பள்ளி வருகை பழகிய காட்சியாகும். குற்றத் தடுப்பு உரை நிகழும், பரிசுப்பைகள் வழங்கப்படும், மாணவர்கள் ரோந்து வாகனத்தருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வர். இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. ஆயினும், அம்மாணவருள் ஒருவரின் தாய் மறுவாரம் புகார் கொடுக்க நிலையத்திற்குச் செல்லும்போது அதே கனிவு அங்கும் கிட்டுகின்றதா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும். நல்லெண்ண விளம்பரத்திற்கும் சமுதாயத்தின் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தோட்ட வாழ்வின் நினைவு

மலாய் மொழியில் காவலரைக் குறித்த பழைய வழக்கு ‘மாத்தா மாத்தா’ என்பதாகும். ‘மாத்தா’ என்பதன் பொருள் கண். நம்மைக் காக்கும் கண்ணா, நம்மைக் கண்காணிக்கும் கண்ணா என்ற ஐயம் தோட்டத் தொழிலாளர் வாழ்வில் நெடுங்காலம் நிலவியது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை இங்கு நினைவுகூரலாம். ஊதிய உயர்வோடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாகும். தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டார், படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

பின்னர் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சிறப்புக் காவலர்கள் தோட்டங்களைக் காவல் புரிந்தனர். அக்காவல் தேவையானதே, எனினும் வேலிக்குள் வாழ்ந்தவர் சோதனைக்கும் உட்பட்டே வாழ்ந்தனர். அமைதிக் காலத்திலும் தொழிலாளிக்கும் நிலையத்திற்கும் இடையே தண்டல், கிராணி, நிர்வாகி என்ற படிகள் இருந்தன. தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் மக்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த இடைப்படிகள் மறைந்தன. முகப்பில் தனியே நின்று, தனக்குத் தாய்மொழியல்லாத மொழியில் நடந்ததைச் சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது.

விளம்பரத்தின் பயனும் எல்லையும்

‘காவல்துறையும் சமுதாயமும் பிரிவதில்லை’ என்னும் பொருளுடைய மலாய் முழக்கம் நாம் நன்கறிந்ததே. 1999 முதல் ஒளியேறிய ‘கெராக் காஸ்’ தொடர் காவலரை இல்லந்தோறும் அறிமுகப்படுத்தியது. 2005இல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற ‘ராக்கான் கோப்’ திட்டம் பொதுமக்கள் குறுஞ்செய்தி வழி தகவல் தர வழிவகுத்தது. இன்று பெருநாள் வாழ்த்துக் காணொளிகள் சமூக ஊடகங்களில் வலம் வருகின்றன. அச்சத்தைக் குறைத்து முதற்பேச்சைத் தொடங்கி வைப்பது இவற்றின் பயனாகும்.

அதே 2005ஆம் ஆண்டில்தான் துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் காவல்துறைச் சீர்திருத்தத்திற்கு 125 பரிந்துரைகளை வெளியிட்டது. புகார்களை விசாரிக்கச் சுயேச்சை ஆணையம் ஒன்று வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. 2009இல் ஆ. குகன் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்தபோது இறந்தார். 2013இல் உயர்நீதிமன்றம் அவர்தம் குடும்பத்திற்கு எட்டு இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 2021இல் கோம்பாக்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பால் வணிகர் ஏ. கணபதி, பின்னர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். இத்தகைய செய்தி ஒன்று பரவும்போது நூறு நிழற்படங்களின் பயன் மங்கிவிடுவதை நாம் உணர வேண்டும். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்து 2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சைக் காவல்துறை நடத்தை ஆணையம் விசாரிக்கலாம். ஆயின், தானே ஒழுங்கு நடவடிக்கை எடுக்க இயலாது.

தமிழகம் தரும் பாடம்

1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கம் பொதுமக்களைக் காவல் பணியில் தோழராக்க முனைந்த நன்முயற்சியாகும். எனினும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வணிகரான தந்தையும் மகனும் காவல் வன்முறைக்குப் பின் மாண்டபோது அவ்வியக்கத்தினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. நண்பன் என்ற பெயர் நடத்தைக்கு ஈடாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம்பிக்கை எங்ஙனம் விளைகின்றது?

அமெரிக்க உளவியலறிஞர் தாம் டைலர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் துணைபுரிகின்றது. வழக்கின் முடிவு தமக்குச் சாதகமாக அமைந்ததா என்பதைவிட, தாம் நடத்தப்பட்ட முறை நேர்மையானதா என்பதே மக்கள் சட்டத்தை மதிப்பதற்கு அடிப்படை என்பார் அவர். தம் சொல்லுக்குச் செவி சாய்த்தல், நடுநிலை, மரியாதை ஆகியன அம்முறையின் கூறுகள். அங்ஙனமாயின் நம்பிக்கை விளையும் இடம் மேடையன்று, நிலையத்தின் முகப்பே.

இதற்குச் சட்டமும் இடமளிக்கின்றது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்துப் புகார் அளித்தவர், நான்கு வாரங்கள் கழிந்தபின் விசாரணை நிலவரத்தைக் கேட்கலாம். இரண்டு வாரங்களுக்குள் விடை தரப்பட வேண்டும். 28ஏ பிரிவு, கைதானவர் காரணத்தை அறியவும் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ளவும் வழிசெய்கின்றது. பரிசுப்பையோடு இவ்விரு பிரிவுகளின் எளிய தமிழ் விளக்கமும் வழங்கப்படுமாயின் அவ்வருகையின் பயன் பன்மடங்காகும்.

முடிவுரை

காவல்துறையில் நேர்மையுடன் உழைப்போர் பலர்; அவருள் நம் மாணவரும் உளர். அவர்தம் உழைப்பிற்கு மதிப்புச் சேர்ப்பது விளம்பரமன்று, பொறுப்புடைமையே. தமிழாசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. அடுத்த பள்ளி வருகையின்போது நிழற்படத்திற்கு முன்னதாகப் பெற்றோரை அமர்த்தி, புகார் கொடுப்பது எப்படி, அதன் நிலவரம் கேட்பது எப்படி என வினவ வாய்ப்பளிப்போமாக. அவ்வினாக்களுக்குப் பொறுமையுடன் விடையளிக்கும் அதிகாரியே அவர்தம் நம்பிக்கையைப் பெறுவார். கண் என்று பெயர் பெற்றது, செவியாகவும் விளங்க வேண்டும் என்பதே நம் வேட்கை.