உழுவார் உள்ளவரை பூக்கும் நிலம்
ஹெப்ரிடீசுத் தீவுகள் உணர்த்தும் பாடம்

முன்னுரை

இயற்கையைக் காத்தல் என்றதும், வேலியிட்டு மனிதரை வெளியேற்றி, நிலத்தை அதன் போக்கில் விட்டுவிடுதல் என்னும் எண்ணமே பலர்க்கும் தோன்றுகிறது. அடர்ந்த காடுகட்கு இது பொருந்தலாம். ஆயின், மனிதன் உழுததாலும் மாடு மேய்ந்ததாலுமே எழில் பெற்ற நிலங்களும் உலகில் உள. அத்தகு நிலத்தைவிட்டு உழவன் நீங்குவானாயின், நிலத்தின் வளமும் அவனோடு நீங்கிவிடும். ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் அமைந்த வெளி ஹெப்ரிடீசுத் தீவுகள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிப்பி மணல் தந்த செல்வம்

லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட், பென்பெக்குலா, தென் யூயிஸ்ட், பர்ரா முதலியன இத்தீவுத்தொடரின் முதன்மையான பகுதிகள். இவற்றில் வாழ்வோர் ஏறத்தாழ 26,000 பேரே. தீவுகளின் உட்பகுதி மக்கிய தாவரங்களால் ஆன, புளிப்புத் தன்மை மிக்க கருஞ்சதுப்பு மண். அதில் விளைவது அரிது. மேற்குக் கரையிலோ நிலைமை வேறு. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடல் நொறுக்கி ஒதுக்கிய சிப்பிகளின் துகளைக் காற்று உள்நோக்கி வீசிப் பரப்பிற்று. சுண்ணாம்புச் சத்து நிறைந்த அம்மணலால் சதுப்பின் புளிப்புத் தணிந்து, கரையோரம் சமவெளியான புல்நிலம் உருவாயிற்று. இதனைக் கேலிக் மொழியில் ‘மாஹர்’ என்பர். ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இவ்வகை நிலம் இல்லை.

உழவும் மேய்ச்சலும்

இந்நிலத்தை வளப்படுத்தியவர் ‘கிராஃப்டர்’ எனப்படும் சிறுகுடி உழவர். குளிர்காலப் புயல்கள் கரையில் குவிக்கும் கடற்பாசியை அள்ளிவந்து எருவாக இடுவர். மணல் காற்றில் பறவாதிருக்க ஆழ உழாமல் மேலாகவே உழுவர். சிற்றோட்ஸ், ரை, பழைய பார்லி வகையாகிய ‘பியர்’ ஆகியவற்றைக் கலந்து விதைப்பர். ஓரிரு ஆண்டுகள் பயிரிட்டபின் அத்துண்டு நிலத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் தரிசாக விடுவர். அத்தரிசிலேதான் கோடையில் எண்ணற்ற பூக்கள் மலர்கின்றன. கோடையில் மாடுகளைக் குன்றுப்புறங்கட்கு ஓட்டிச் செல்வதால் பூக்கள் விதை முற்றும்வரை தப்பிப் பிழைக்கின்றன. குளிர்காலத்தில் மாடுகள் மீண்டு வந்து மேய்வதால் முரட்டுப்புல் மண்டுவதில்லை.

உழுத நிலமும் தரிசும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்தமையால் ஆட்காட்டி, பவளக்காலி, உப்புக்கொத்தி முதலிய பறவைகள் தரையிலேயே கூடுகட்டி வாழ்கின்றன. திணை இலக்கணம் பயின்ற நமக்கு இது புதிதன்று. புள்ளையும் விலங்கையும் தொழிலையும் அந்நிலத்தின் கருப்பொருளாக ஒருங்கு வைத்து எண்ணியது நம் மரபு. ஒன்றை நீக்கினால் மற்றது நில்லாது என்பதை மாஹர் நிலமும் மெய்ப்பிக்கிறது.

நில உரிமையின் வரலாறு

உழவனுக்கு நிலத்தில் உறுதி இல்லையேல் நிலப் பராமரிப்பும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருநிலக்கிழார்கள் ஆட்டுப்பண்ணைகள் அமைப்பதற்காகக் குடிகளை ஊரைவிட்டுத் துரத்தினர். 1851-இல் பர்ரா, தென் யூயிஸ்ட் தீவுகளிலிருந்து மக்கள் பலர் வலிந்து கப்பலேற்றப்பட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். மக்களின் கிளர்ச்சியை அடுத்து 1883-இல் நேப்பியர் பிரபு தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பயனாக 1886-இல் இயற்றப்பட்ட சட்டம், நிலத்தைவிட்டு அகற்றப்படாத உரிமையையும், நியாயமான குத்தகையையும், அவ்வுரிமையைத் தம் வழியினர்க்கு விட்டுச்செல்லும் வாய்ப்பையும் உழவர்க்கு வழங்கிற்று.

இவ்வியக்கம் அத்துடன் நிற்கவில்லை. உள் ஹெப்ரிடீசைச் சேர்ந்த எய்க் தீவை 1997-இலும், கீயா தீவை 2002-இலும் அங்கு வாழும் மக்களே பொதுவுடைமையாக வாங்கினர். 2003-இல் ஸ்காட்லாந்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் இதற்கு வழிவகுத்துத் தந்தது. 2006-இல் தென் யூயிஸ்டின் பெரும்பகுதியும் மக்கள் கைக்கு வந்தது.

ஒரு பறவையின் கதை

நம் கானாங்கோழியின் இனத்தைச் சார்ந்த ‘கார்ன்கிரேக்’ என்னும் பறவை ஆப்பிரிக்காவிலிருந்து கோடைதோறும் வந்து இங்குள்ள புல்வயல்களில் முட்டையிடும். எந்திர அறுவடை பரவி, புல்லை முன்னதாகவே அறுக்கத் தொடங்கியதும் குஞ்சுகள் கத்திக்கு இரையாயின. 1993-இல் பிரித்தானியா முழுவதிலும் கூவும் ஆண்பறவைகள் ஏறத்தாழ 480 மட்டுமே எஞ்சின. அதன்பின் உழவர்களோடு உடன்பாடு செய்யப்பட்டது. அறுவடையைத் தாமதித்தல், வயலின் நடுவில் தொடங்கி வெளிநோக்கி அறுத்தல் என்பன அதன் கூறுகள்; இதனால் நேரும் இழப்புக்கு ஈடாக உதவித்தொகை வழங்கப்பட்டது. 2014-இல் எண்ணிக்கை 1,250-ஐக் கடந்தது. பின்னர் அது மீண்டும் சரிந்தது. காவல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று என்பதற்கு இது சான்று.

எதிர்நிற்கும் இடர்கள்

தோட்டத்துப் பூச்சிகளை ஒழிக்கலாம் எனக் கருதி 1974-இல் தென் யூயிஸ்டுக்குச் சில முள்ளெலிகள் கொண்டுவரப்பட்டன. அவை பெருகிப் பறவைகளின் முட்டைகளைத் தின்று தீர்த்தன. அயலிலிருந்து வந்த சிற்றுயிர் ஒன்றும் தீவின் சமநிலையைக் குலைக்கவல்லது என்பதை இது காட்டுகிறது. 2005 சனவரியில் வீசிய பெரும்புயலில் தென் யூயிஸ்டைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர் ஐவர் கடலுக்கு இரையாயினர், கரையும் அரிக்கப்பட்டது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், தாழ்ந்த மாஹர் நிலத்துக்கு மணல்மேடுகளே அரண். அம்மேடுகளின் புல் வேரறுந்தால் மணலும் நில்லாது.

எனினும் இவை அனைத்தினும் பெரிய இடர், இளையோர் ஊரைவிட்டு நீங்குவதே. உழுவார் குறையக் குறைய, தரிசு தரிசாகவே நின்று புதர் மண்டுகிறது. மொழியும் உடன் தேய்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவுகளில் கேலிக் பேசுவோர் பாதிக்கும் கீழாகக் குறைந்தனர். ‘மாஹர்’ என்னும் சொல்லைத் தந்த மொழி மறைந்தால், அந்நிலத்தைப் பேணும் நுண்ணறிவை எச்சொல்லால் அடுத்த தலைமுறைக்குக் கூறுவது?

முடிவுரை

நிலத்தைக் காக்க அதில் வாழ்வோரைக் காக்க வேண்டும். அவர்தம் உரிமை, தொழில், மொழி ஆகியவற்றைக் காக்க வேண்டும். உழவனை இயற்கையின் பகைவனாகக் கருதாமல், அதன் காவலனாக ஏற்று, அக்காவலுக்குரிய ஊதியத்தையும் அளிக்க வேண்டும். மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர்க்குச் செல்லும்போது, அங்குள்ள முதியோரிடம் நிலத்தின் பெயர்களையும் அதனைப் பேணிய முறைகளையும் கேட்டு எழுதிவைப்பார்களாக. அவர்கள் மறைந்தபின் அவற்றைக் கூறுவார் ஒருவரும் இரார்.