பாடபேதத்தில் மறைந்த முடி

ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பழகியோர் பாடபேதத்தின் ஆற்றலை நன்கறிவர். சில சொற்களின் வேறுபாட்டினால் ஒருவனது முடியே மறைந்துபோன வரலாறொன்று பழைய இங்கிலாந்திலே உண்டு. அவன் பெயர் எதெல்வோல்ட்.

தென்னிங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட முதலாம் எதெல்ரெட் 871இல் இறந்தபோது அவன் மைந்தர் சிறுவர். டேனியரின் படையெடுப்போ மூண்டு நின்றது. ஆதலின் மன்னன் தம்பி அல்பிரட் அரசனானான். உலகம் 'மகா அல்பிரட்' எனப் போற்றும் அவ்வேந்தன் தன் மரணசாதனத்திலே தமையன் மகன் எதெல்வோல்டுக்கு விட்டவை கொடால்மிங், கில்போட், ஸ்ரெயினிங் என்னும் மூன்று ஊர்களே. நிலத்திற் பெரும்பங்கு தன் மகன் எட்வேட்டுக்குச் சென்றது.

899இல் அல்பிரட் இறந்ததும் தாயாதிப் பகை வெளிப்பட்டது. எதெல்வோல்ட் தன் தந்தை அடக்கஞ்செய்யப்பட்ட விம்போர்ன் என்னும் ஊரைக் கைப்பற்றினான். அவ்விடத்தைத் தேர்ந்ததே ஓர் உரிமைக் கூற்றன்றோ! எட்வேட்டின் படை அருகே பட்பரியில் வந்து தங்கிற்று. வாயில்களை அடைத்து, வாழ்வும் சாவும் அங்கேயே என்று சூளுரைத்தவன், இரவோடிரவாகக் குதிரையேறி வடக்கே நோதம்பிரியாவிலிருந்த டேனியரை அடைந்தான். ஆயரின் ஆணைக்கு மாறாக மடத்தினின்று அவன் கொணர்ந்த கன்னித்துறவியோ எட்வேட்டின் ஆட்களிடம் அகப்பட்டாள். அவள் பெயரை எவரும் எழுதிவைத்திலர்.

பின்னர்க் கப்பற்படையோடு எசெக்ஸ் வந்திறங்கிய எதெல்வோல்ட், கிழக்கு அங்கிலியாவின் டேனிய மன்னன் எயோறிக்கைத் துணைக்கொண்டு மேர்சியாவைச் சூறையாடித் தேம்சு நதியையுங் கடந்தான். எட்வேட் பகைவர் நாட்டைப் பாழாக்கித் திரும்பியபோது, ஏழு தூதர் சென்று அழைத்தும் கெந்து நாட்டுப் படை பின்தங்கி நின்றது. 902இல் ஹோம் என்னுமிடத்தில் அப்படையை டேனியர் வளைத்துப் போர்புரிந்தனர். களம் டேனியர் வசமாயிற்று; ஆயின் எயோறிக்கும் எதெல்வோல்டும் மடிந்தனர்.

இவற்றைக் கூறும் ஆங்கிலோ-சக்சன் ஆண்டுக் குறிப்பேடு பல பிரதிகளாகக் கிடைத்துள்ளது. எதெல்வோல்டை டேனியர் அரசனாக ஏற்றுப் பணிந்தனர் என்று பிற பிரதிகள் கூறும். அல்பிரட்டும் எட்வேட்டும் அடக்கஞ்செய்யப்பட்ட வின்செஸ்ரரோடு தொடர்புடைய பிரதியிலே அத்தொடர் இல்லை. ஹோம் போரில் வீழ்ந்தவனை, டேனியர் தமக்கு அரசனாகத் தெரிந்தவன் என்கின்றன பிற. எயோறிக்கைப் பகைமைக்குத் தூண்டியவன் என்கின்றது வின்செஸ்ரர்ப் பிரதி. இஃது எழுதுவோன் கைப்பிழையென யான் கருதேன். வென்றோர் பக்கம் நின்று எழுதிய எழுத்தே.

எனினும் அவ்வாக்கியத்திலேயே அவன் பெயரோடு 'எதெலிங்' என்னும் பட்டம் நிற்கின்றது. அரசுரிமைக்குரிய குலத்தோன் என்பது அதன் பொருள். அச்சொல்லை வின்செஸ்ரர்ப் பிரதியும் நீக்கவில்லை.