பொருட்களின் இணையம்: வீட்டுக்குரிய சாதனங்களைத் தெரிவு செய்தல்

"பொருட்களின் இணையம் என்பதை உதாரணம் தந்து விளக்குக" என்று கேட்டால், என்னிடம் படிக்கும் பலர் "கைத்தொலைபேசியால் லைற் போடலாம், நிற்பாட்டலாம்" என ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அது உதாரணம் மட்டுமே. விளக்கம் எங்கே? ஆகவே மாணவர்களே, உங்கள் வீட்டுக்கே இத்தகைய சாதனமொன்றை வாங்கப் போகிறீர்கள் என வைத்துக்கொண்டு இப்பகுதியைப் படிப்போம். "நீ கொம்பியூட்டர் படிக்கிறாய்தானே, எது நல்லதெண்டு பார்த்துச் சொல்லு" என்று வீட்டார் கேட்கும் காலம் இது.

முதலில் கட்டளை செல்லும் பாதையைக் கவனியுங்கள். கைத்தொலைபேசியில் நீங்கள் இடும் கட்டளை, றூட்டர் வழியாக இணையத்துக்குச் சென்று, சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் சேவையகத்தை அடைந்து, மீண்டும் உங்கள் றூட்டருக்கே வந்து, தலைக்கு மேலே தொங்கும் மின்குமிழைச் சேர்கிறது. பல சாதனங்களில் இதுவே பாதை. வேறு சிலவற்றில் கட்டளை வீட்டு வலையமைப்பை விட்டு வெளியே போவதில்லை. எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் வினா: இணைய இணைப்பு இல்லாதபோது இச்சாதனம் வேலை செய்யுமா?

இது வெறும் கற்பனைப் பயமன்று. அமெரிக்காவில் ரெவோல்வ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி ஏறத்தாழ 300 டொலருக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனத்தை 2014 இல் நெஸ்ற் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டது. பெட்டிகளில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களின் வீடுகளில் அவை பயனற்றுக் கிடந்தன. 2022 இல் வெளியான மேற்றர் என்ற பொது நியமம், வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே ஒன்றோடொன்று தொடர்பாட வழி செய்கிறது. பெட்டியில் அதன் அடையாளம் உண்டா எனப் பாருங்கள்.

அடுத்தது கடவுச்சொல். 2016 இல் மிராய் என்ற தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் றூட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அது முயன்று பார்த்தவை அறுபது சொச்சம் பயனர் பெயர், கடவுச்சொல் சோடிகளே. அவ்வாறு பிடிபட்ட சாதனங்களைக் கொண்டு அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல், ஆள்களப் பெயர்ச் சேவை வழங்கும் டைன் நிறுவனம் தாக்கப்பட்டது. ருவிற்றர், நெற்பிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலரால் அடைய முடியவில்லை. கமராவின் உரிமையாளர்களுக்கோ தம் வீட்டுப் பொருள் இதிற் பங்கெடுத்ததே தெரியாது. ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்பிரல் 29 முதல், எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பது சட்டவிரோதம். பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதையும் அங்கு அறிவிக்க வேண்டும். நாமும் கடைக்காரரிடம் அதைக் கேட்கலாம்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். கனடாவிலிருந்து மாமா ஒரு சாதனம் அனுப்புகிறார் எனக் கொள்வோம். அங்கு மின்வழங்கல் 120 வோல்ற்று, இங்கு 230 வோல்ற்று. அடப்ரரில் உள்ள பெயர்த்தகட்டில் "100-240" என இருந்தால் பயமில்லை; 120 மட்டும் இருந்தால் செருக வேண்டாம். மேலும் மலிவான சாதனங்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். மின்குமிழ் வாங்குவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அம்மம்மா பழக்கத்தில் சுவர் ஆளியை நிறுத்திவிட்டால், கைத்தொலைபேசியில் எதை அழுத்தியும் குமிழ் எரியாது. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. மின்வெட்டு முடிந்து இரவு இரண்டு மணிக்கு மின் வந்ததும் எல்லாக் குமிழும் முழு வெளிச்சத்தில் எரிந்து அனைவரையும் எழுப்பிவிட்டன. மின் மீண்டு வரும்போது குமிழ் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதைச் செயலியில் மாற்ற முடியுமா என்று நான் பார்த்தது அதன் பிறகுதான்!

கமரா வாங்கினால் கணக்குப் பார்க்கவும் தெரிய வேண்டும். செக்கனுக்கு 2 மெகாபிற்று வீதம் காணொளி அனுப்பும் கமரா, ஒரு மணித்தியாலத்தில் 2 × 3600 = 7200 மெகாபிற்று அனுப்பும். 8 ஆற் பிரிக்க 900 மெகாபைற்று. (8 ஆற் பிரிக்க மறப்போர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.) நாள் முழுவதும் அனுப்பினால் ஏறத்தாழ 21 கிகாபைற்று! அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்து, மெமரி காட்டிலே சேமிக்கும் கமரா இதற்குப் பொருத்தமானது. மாமா அதை அம்மம்மாவின் அறையில் பூட்டச் சொன்னால், யார் யார் அதைப் பார்ப்பர் என்பதை அம்மம்மாவுக்குச் சொல்லி, அவரின் சம்மதத்தைப் பெற்ற பின்பே பூட்டுங்கள். அந்தரங்கம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான்.

பயிற்சி: செக்கனுக்கு 3 மெகாபிற்று அனுப்பும் கமராவை மாமா தினமும் 30 நிமிடம் பார்க்கிறார். ஒரு நாளைக்குச் செலவாகும் தரவின் அளவு யாது? (விடை: 675 மெகாபைற்று)