மகப்பேற்று மாத்திரையும் மல்லர் அரங்கும்

கல்முனையாயினும் நாவிதன்வெளியாயினும், மணமாகி இரண்டாண்டு கழியுமுன்னரே, “இன்னும் விசேடம் ஒன்றும் இல்லையா?” என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அது எப்போதும் மனைவியை நோக்கியே எழுகிறது. கணவனை நோக்கி எழுவது அரிது. இவ்வழக்கம் எத்துணை தவறானது என்பதை ஒரு சிறு மாத்திரையின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

அம்மாத்திரையின் பெயர் குளோமிபீன். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்த மெரல் நிறுவனத்தில் 1956ஆம் ஆண்டு இது ஆக்கப்பெற்றது. 1967இல் அந்நாட்டு அரசு இதனை மருந்தாக ஏற்றுக்கொண்டது.

இது வேலைசெய்யும் விதத்தை நம் வயற்புறத்து உவமையொன்றால் விளக்கலாம். வாய்க்காலில் நீர் போதுமா என்று வட்டவிதானையார் அளவுகோலைப் பார்க்கிறார். குறைந்தால் மதகைத் திறப்பிக்கிறார். பெண்ணுடலில் ஈஸ்திரசன் என்னும் ஓமோன் அந்நீரை ஒத்தது; மூளையே வட்டவிதானையார். குளோமிபீன் அளவுகோலை மறைத்துவிடுகிறது. ஈஸ்திரசன் குறைந்துவிட்டதென எண்ணும் மூளை கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. அச்சுரப்பி விடுக்கும் ஓமோன்கள் சூலகத்தை அடைந்து, முட்டையை முதிரச் செய்து வெளியேற்றுகின்றன.

மாதவிலக்குத் தொடங்கிய சில நாள்களில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராமாக ஐந்து நாள்கள் கொடுப்பது பொதுவான தொடக்க முறை. இரட்டைக் குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு இதனாற் கூடும். சூலகம் வீங்குதலும் நேரலாம். பார்வை மங்கினால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரைக் காணவேண்டும். ஆகவே இது தாமாக வாங்கி உண்ணத்தக்கதன்று.

இதற்குப் போட்டியாக வந்தது லெட்ரோசோல். இஃது ஈஸ்திரசன் உண்டாவதையே குறைப்பது. மகப்பேற்றுக்காக இதனை வழங்குவதை இந்திய அரசு 2011இல் தடைசெய்தது. பின்னர், சூலகத்தில் பல சிறு பைகள் தோன்றி முட்டை வெளியேறாத நோயுற்ற 750 பெண்களிடம் அமெரிக்காவில் நிகழ்த்திய ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. குழந்தை பெற்றோர் லெட்ரோசோல் உண்டவருள் 27.5 சதவீதம், குளோமிபீன் உண்டவருள் 19.1 சதவீதம். 2017இல் இந்தியத் தடை நீங்கியது.

இனி ஆடவர் பக்கம் நோக்குவோம். ஆணுடலிலும் இதே காவல் உண்டு. கபச்சுரப்பி தூண்டப்பட்டால் ஆண்மை ஓமோனாகிய தெஸ்தெஸ்திரோன் மிகுதியாகச் சுரக்கும். எனவே அது குன்றிய சிலருக்கும், விந்தணு குறைந்த சிலருக்கும் மருத்துவர் குளோமிபீனைக் கொடுப்பதுண்டு.

தசை பெருக்க விரும்பி அவ்வோமோனை ஊசியாக ஏற்றும் இளைஞர் நிலையோ வேறு. நீர் நிரம்பி வழிவதைக் கண்ட வட்டவிதானையார் மதகை மூடிவிடுகிறார். விந்தணு உற்பத்தி குன்றுகிறது, சிலரிடம் முற்றாகவே நின்றுவிடுகிறது. மூடிய மதகைத் திறக்கவே அத்தகையோர் குளோமிபீனைத் தேடுகின்றனர். உடலழகுக்காக ஊசி ஏற்றியவன் கணவன். “மலடி” என்ற பழியைச் சுமப்பவளோ மனைவி! இதனினும் கொடுமை உண்டோ?

குளோமிபீனும் லெட்ரோசோலும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப் பட்டியலில் உள்ளன. போட்டிக் காலமாயினும் அன்றாயினும் தடை ஒன்றே. புகழ்பெற்ற அமெரிக்க மல்லர் ஜோன் ஜோன்ஸ், 2016ஆம் ஆண்டு பெரும் போட்டியொன்றுக்குச் சில நாள்களே இருக்கையில் விலக்கப்பட்டார். அவருடலில் இவ்விரண்டின் சுவடுகளும் காணப்பட்டன. தோழர் ஒருவர் தந்த வேறொரு மாத்திரையில் அவை கலந்திருந்தன என்பதையும், அவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்பதையும் நடுவர் குழு ஏற்றது. ஆயினும் கவனமின்மைக்காக ஓராண்டுத் தடை நிலைத்தது.

இலங்கையிலும் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய தடையை நடைமுறைப்படுத்துகிறது. மெய்யாகவே மருந்து தேவைப்படும் வீரர் முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்குப் பெறவேண்டும்.

மாணவர்களே, பிறர் நீட்டும் மாத்திரையையும் ஊசியையும் ஏற்காதீர்கள். பெரியோர்களே, குழந்தைப்பேறு தாமதித்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லட்டும். விந்தணுச் சோதனை எளியது, வலியற்றது. மனைவியைப் பல சோதனைகளுக்கு அனுப்புமுன் கணவன் அதனைச் செய்துகொள்வதே நீதி. வாய்க்காலில் நீர் வராதபோது வயலை மட்டும் குறைகூறும் உழவன் நம்மூரில் எவனும் இல்லை.